நான்கு டப்பா பெல்லட்டும் எங்கள் பேரலும்

"அப்பா, இது எனக்க கை இல்ல."

ஏர் பிஸ்டல் போட்டி முடிந்து வெளியே வந்ததும் மகள் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அதற்கு முந்தைய இரண்டு மாதமாக 60 குண்டுக்கு 600 மார்க்கில் 550-ஐத் தாண்டிக்கொண்டிருந்தவள் அன்றைக்கு 538-ல் நின்றுவிட்டாள். சாக்குச் சொல்லுகிற பிள்ளை அல்ல அவள். டிரிகர் விட்ட நொடியில், திரையைப் பார்க்கும் முன்பே "9, வலது பக்கம்" என்று சொல்லிவிடுவாள்; பெரும்பாலும் சரியாக இருக்கும். அன்று 10 என்று அவள் நினைத்தவை 9-ல் விழுந்தன, 9 என்று நினைத்தவை 8-ல். ஒன்று மேலே, அடுத்தது இடது கீழே. கை தவறினால் அந்தத் தவறுக்கு ஒரு வழக்கம் இருக்கும், ஒரே பக்கமாகவே இழுக்கும். இதில் அந்த வழக்கமே இல்லை.

அந்த வாரம் நாங்கள் எப்போதும் வாங்கும் பெல்லட், அதாவது ஏர் பிஸ்டலில் போடும் சின்ன ஈயக்குண்டு, கிடைக்கவில்லை. கடைக்காரர் "இதுவும் மேட்ச் பெல்லட்தான்" என்று சொல்லி வேறொரு டப்பா அனுப்பியிருந்தார். நானும் நம்பி அதையே பையில் வைத்துக் கொடுத்தேன். பிள்ளை ஆறு மாதம் உழைத்த உழைப்பில் என் கவனக்குறைவு கை வைத்துவிட்டதே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதனால்தான் அடுத்த மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இதற்கே செலவழித்தேன். நான்கு டப்பாக்களைச் சோதித்துப் பார்த்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உங்களுக்குப் பயன்படும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் குளச்சல். இப்போது கோட்டாறில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மைக்ரோமீட்டர் தினமும் கையில் இருக்கிற பொருள். ஈயமோ அதற்கும் முன்னால், பிறந்த வீட்டிலேயே பழக்கம். அப்பா தூண்டிலுக்கும் வலைக்கும் ஈயக்குண்டு வார்ப்பார். முற்றத்தில் சிரட்டைக் கரியை மூட்டி, இரும்பு அகப்பையில் ஈயத்தை வைத்துக் காத்திருப்போம். 327 டிகிரியில் ஈயம் உருகும் என்பதைப் பிற்பாடு ஐ.டி.ஐ.யில்தான் படித்தேன். அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. மேலே மிதக்கும் அழுக்கை ஓலைத்துண்டால் ஒதுக்குவார். உள்ளே முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு வந்ததும் அச்சில் ஊற்றுவார். ஒரு ஆனி மாத மழையில் அச்சுக்குள் ஒரு சொட்டு நீர் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஊற்றின மாத்திரத்தில் நீர் ஆவியாகி ஈயம் பொட்டென்று தெறித்தது. என் இடது முன்கையில் மொச்சைக்கொட்டை அளவில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்பா இரண்டு வகை ஈயம் வைத்திருப்பார். பழைய குழாயில் வெட்டியது ஒன்று, பாட்டரித் தகட்டில் எடுத்தது ஒன்று. குழாய் ஈயத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் பதியும். பாட்டரி ஈயம் நகத்துக்கு அவ்வளவாக மசியாது. "இதுக்கு முறுக்கு கூடுதலாக்கும்" என்பார். பாட்டரித் தகட்டில் ஆண்டிமனி கலந்திருப்பதுதான் அந்த முறுக்கு. பெல்லட்டைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அப்பாவின் அந்த நகம்தான்.

நல்ல மேட்ச் பெல்லட்டை வார்ப்பதில்லை. ஈயக் கம்பியைத் துண்டாக வெட்டி, அச்சில் அழுத்திப் பிதுக்கி எடுக்கிறார்கள். தலை தட்டை, அதனால்தான் காகித அட்டையில் துளை வெட்டினாற்போல வட்டமாக விழுகிறது. நடுவில் இடுப்பு. பின்னால் குழிவான பாவாடை. பின்னாலிருந்து காற்று தள்ளும்போது அந்த மெல்லிய பாவாடை விரிந்து, பேரலின் (துப்பாக்கிக் குழலின்) உட்புறம் சுருளாக வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கிறது. அதற்கு ஈயம் மிருதுவாக இருக்க வேண்டும். தலையோ வரிமேடுகளின் மேல் லேசாக உட்கார்ந்து, ஆடாமல் நேராகப் போக வேண்டும். டப்பா மேல் 4.49, 4.50 என்று போட்டிருப்பது இந்தத் தலையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். ஒன்றுக்கொன்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசம்.

அதை மைக்ரோமீட்டரில் அளந்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். முடியவில்லை. தலையின் விளிம்பு அவ்வளவு மெல்லியது, ஈயமும் அவ்வளவு மிருது. ராட்செட் 'டிக்' என்று சொல்வதற்குள் விளிம்பு நசுங்கி வழிவிட்டுவிடும். ஒரே பெல்லட்டை மூன்று தடவை அளந்தால் மூன்று விடை, மூன்றாவது எப்போதும் சிறியது. இருபது வருடமாக அளவை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது. கடைசியில் அளவுக்கருவியை வைத்துவிட்டு, பேரலையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

மகளிடம் இருப்பது ஸ்டெய்ர் எல்பி 2, இரண்டாம் கையாக வாங்கியது. பட்டறையின் பெரிய வைஸில் ரப்பர் வைத்த மரத்தாடையால் அதைப் பிடித்தேன். பட்டறைக்குப் பின்னால் 10 மீட்டர் நீளச் சந்து உண்டு, மூன்று பக்கமும் சுவர். எதிரே இரும்புத் தகட்டுப் பெட்டியும் அதற்கு முன்னால் அட்டையும். வேறு டப்பாவுக்கு மாறும்போதெல்லாம் முதலில் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டேன். பேரலுக்குள் முந்தைய ஈயத்தின் படிவும் எண்ணெயும் போய்ப் புதியது படிய அது வேண்டும். பிறகு ஐந்து ஐந்தாகப் பத்து அட்டை. ஒவ்வொன்றிலும் துளைக்கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை வெர்னியரில் அளந்தேன்.

முதல் டப்பா, போட்டியில் காலை வாரிய அதே விலை குறைந்த பெல்லட். பெயர் வேண்டாம். சராசரி 13 மில்லிமீட்டர், மோசமான அட்டையில் 17. இரண்டாவது ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், 0.49 கிராம், தலை 4.49: சராசரி எட்டரை. மூன்றாவது அதே ஃபினாலே மேட்ச், தலை 4.50: ஏழரை. நான்காவது ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 மேட்ச், பிஸ்டலுக்கான 0.45 கிராம், தலை 4.49: அதுவும் ஏழரையை ஒட்டியே.

கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் பேரலுக்கு ஹெச் அண்ட் என்னில் 4.50 பொருந்துகிறது, ஆர்டபிள்யூஎஸ்ஸில் 4.49 பொருந்துகிறது. ஆக, டப்பா மேல் உள்ள எண்ணை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. "எனக்க பையன் 4.49 போடுகான், நீங்களும் அதையே போடுங்க" என்று ரேஞ்சில் அன்போடு சொல்கிறவர்கள் நிறைய. அவர் பையனின் பேரலுக்கு அது சரி. உங்கள் பேரல் வேறு.

இந்த மில்லிமீட்டர்களுக்கு மார்க்கில் என்ன விலை என்று கணக்குப் போட்டபோதுதான் எனக்கே முழுதும் விளங்கியது. ஏர் பிஸ்டல் அட்டையில் 10 வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். பெல்லட் 4.5. கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மார்க் என்பதால், பெல்லட்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10. இப்போது ஏழரை மில்லிமீட்டர் கூட்டத்தை எடுங்கள். பெல்லட்டின் தடிமனான நாலரையைக் கழித்தால் 3 மிச்சம். அதில் பாதி ஒன்றரை. அதாவது பெல்லட் தன் பங்குக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் விலகும். மீதி ஆறரை மில்லிமீட்டரும் பிள்ளையின் கைக்கு. 17 மில்லிமீட்டர் கூட்டத்தில் அதே கணக்கு: பெல்லட்டே 6 மில்லிமீட்டருக்கு மேல் தின்றுவிடுகிறது, கைக்கு மிஞ்சுவது இரண்டுகூட இல்லை. நீட்டிய ஒற்றைக் கையில் ஒரு கிலோ சுமையைப் பிடித்து நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் இரண்டு மில்லிமீட்டருக்குள் நில் என்று சொல்வது நியாயமா?

இறுதிச் சுற்றில் இன்னும் இறுக்கம். அங்கே 10.1, 10.2 என்று தசமத்தில் மார்க் போடுவார்கள். வளையங்களுக்கு இடைவெளி 8 மில்லிமீட்டர், அதைப் பத்தாகப் பிரித்தால் 0.1 மார்க்குக்கு 0.8 மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 எடுத்து வெண்கலம் வாங்கினாரே, வெள்ளிக்கான இடம் அவருக்குத் தவறியது வெறும் 0.1 மார்க்கில். ஒரு அரிசியின் அகலம் கூட வராது. மகள் அந்தப் போட்டியைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கமே வந்தாள்.

எடையையும் பார்த்துவிடலாம் என்று மீனாட்சிபுரத்தில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனிடம் போனேன். மில்லிகிராம் காட்டும் தராசு அவரிடம்தான் உண்டு. ஒவ்வொரு டப்பாவிலும் நூறு பெல்லட். அண்ணன் சாமணத்தால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டில் வைக்க, நான் நோட்டில் எழுதினேன்.

"இது பொன்னில்லடே, ஈயமாக்கும். இதப் போயி இப்பிடி நிறுக்கியே" என்றார் முதலில். முதல் டப்பாவில் முப்பதாவது பெல்லட் வந்தபோது அவருக்கே ஆர்வம் பிடித்துவிட்டது. "கேட்டியா, இது 460, மத்தது 515. ஒரே டப்பாவுல கிடந்ததா?" என்று என் முகத்தைப் பார்த்தார். ஃபினாலே மேட்ச் வந்ததும் தராசு 489, 491, 490, 491 என்று ஒரே இடத்திலேயே நின்றது. ஆசாரி அண்ணன் சாமணத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பெல்லட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விளிம்புல பிசிறே இல்ல. நல்ல கைவேலை" என்றார். யந்திரம் செய்தது என்று நான் திருத்தவில்லை. அந்த யந்திரத்துக்கு அச்சு வெட்டினவரும் ஒரு ஆசாரிதானே.

ஒன்று சொல்ல வேண்டும். நல்ல டப்பா வாங்கினால் வீட்டில் எடைபோட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. பாவாடை நெளிந்ததைக் கண்ணால் பார்த்து ஒதுக்கினால் போதும். டப்பாவைச் சாய்த்து வெள்ளைத் துணியில் உருட்டிவிட்டால் நெளிந்தது நேராக உருளாமல் தள்ளாடும். மகளே இப்போது இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுகிறாள். போட்டிக்கென்று ஒவ்வொரு பெல்லட்டும் தனிக்குழியில் உட்காரும்படி தட்டில் அடுக்கி வருவதும் உண்டு. விலை கூடுதல். கூரியரில் வரவழைக்கும் நமக்கு அது வீண்செலவு அல்ல.

வெடிமருந்துத் துப்பாக்கியிலும் இதே பாடம்தான். வெளிநாடுகளில் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் போட்டிக்குப் போகிறவர்கள் பலர் வார்த்த ஈயக்குண்டைப் பயன்படுத்துகிறார்கள். செப்பு உறை போட்ட குண்டு 9 எம்எம்முக்கு 0.355 அங்குலம் என்றால், ஈயக்குண்டை வழக்கமாக 0.356 எடுப்பார்கள். 45 காலிபரில் 0.451-க்கு 0.452. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக இருந்தால்தான் ஈயம் பேரலை அடைத்துக்கொண்டு போகும். சிறிதாக இருந்தால் சூடான வாயு ஓரத்தால் புகுந்து ஈயத்தை அரித்துப் பேரலுக்குள் பூசிவிடும். ஈயம் பூசுகிறதே, இன்னும் கடினமான குண்டு வாங்குவோம் என்று போகிறவர்கள் உண்டு. ஆனால் பல நேரம் குறை கடினத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக்கில் கூடுதலாக ஒரு சோதனை, குண்டின் மூக்கு வடிவம். மேகசினிலிருந்து தானாக ஏறிச் சேம்பருக்குள் நுழைய வேண்டுமே. கூர் விளிம்பு சில பிஸ்டலில் தடுக்கும். எங்கள் எல்பி 2-ல் ஒவ்வொன்றாகக் கையால் வைப்பதால் அந்தக் கவலை இல்லை. அதனால்தான் தட்டைத்தலை வைத்துக்கொள்ள முடிகிறது.

வாங்கும்போது பட்ட பாட்டையும் சொல்கிறேன். டப்பாவின் அடியில் லாட் எண், அதாவது எந்தத் தொகுதியில் தயாரித்தது என்ற எண், இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே எடை, ஒரே தலை அளவு என்றாலும் லாட் மாறினால் கூட்டம் மாறலாம். அச்சு தேயும், புது அச்சு வரும், கம்பியும் மாறும். லேத்தில் நிற்கிறவனுக்கு இது புதிதல்ல. எனவே ஒரு டப்பா வாங்கிச் சோதித்து, பிடித்திருந்தால் அதே லாட்டில் மொத்தமாக வாங்க வேண்டும். நான் அப்படித்தான் கேட்டேன், எண்ணைத் தாளில் எழுதி போட்டோவும் அனுப்பினேன். வந்த ஆறு டப்பாவில் மூன்று லாட். திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். 500 பெல்லட் உள்ள டப்பா ஒன்று ஒரு பட்டறைத் தொழிலாளியின் வீட்டில் எத்தனை நாள் காய்கறிச் செலவு என்று அவர்களுக்குத் தெரியாது போலும். இப்போது வேறு கடை. அனுப்புமுன் டப்பாவின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. இங்கே இரண்டு மழைக்காலம், இரண்டுக்கும் நடுவில் கடல்காற்று. கடலோரத்தில் வீடு என்றால் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். குளச்சலில் அம்மா வீட்டில் ஒரு டப்பாவை மர அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். ஐந்து மாதம் கழித்துத் திறந்தால் பெல்லட் மேலெல்லாம் வெள்ளைப் பூச்சு, மாவு தூவினாற்போல. ஈயம் அரிக்கும்போது வரும் உப்பு அது. ஈரக்காற்று ஒரு காரணம், மரம் இன்னொரு காரணம்; மரத்திலிருந்து மெதுவாகக் கசியும் அமில ஆவி ஈயத்துக்கு ஆகவே ஆகாது. அட்டைப்பெட்டியும் அப்படித்தான். அந்தப் பெல்லட்டைச் சுடக்கூடாது, அந்தத் தூளைக் கையால் தொடவும் கூடாது. இப்போது எவர்சில்வர் தூக்குப்பாத்திரத்தில், இறுக்கமான மூடியோடு, மருந்து டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கு போட்டு வைக்கிறேன். இரண்டு மழையும் கடந்தும் பளபளப்பு போகவில்லை. சிலர் சோப்பு நீரில் கழுவி எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். நான் செய்வதில்லை. கம்பெனியிலிருந்து வரும் மெல்லிய பூச்சோடுதான் சோதித்தேன், அப்படியேதான் சுடவும் வேண்டும்.

கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்பா காலத்தில் ஈயத்துக்கு யாரும் பயந்ததில்லை. உருகும் ஈயத்தின் மேல் குனிந்து ஊதுவார், அதே கையால் கட்டஞ்சாயா குடிப்பார். இன்று அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் நரம்பையும் மூளையையும் பாதிக்கும், வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்கிற பழக்கத்தை எங்கே கண்டாலும் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன், அறிமுகம் இல்லாத பிள்ளை என்றாலும். எங்கள் சந்தில் சுட்டு முடித்ததும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவல், அப்புறம்தான் தண்ணீர்ப் பாட்டில். பெட்டியில் விழுந்த ஈயத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத் தனி டின்னில் சேர்த்துப் பழைய உலோகக் கடைக்குக் கொடுக்கிறேன். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் பறக்கும்.

ஆக எங்கள் தேர்வு: போட்டிக்கும் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் ஃபினாலே மேட்ச் 0.49, தலை 4.50. ஆர்10 அதற்கு ஒரு இம்மியும் குறைந்ததல்ல. எடை குறைவாக இருந்தும் பிடியில் வேறுபாடு தெரியவில்லை என்றுதான் மகள் சொன்னாள். ஆனால் புதுக் கடையில் ஒரே லாட்டில் ஆறு டப்பா எங்களுக்குக் கிடைத்தது ஃபினாலேயில். சாதாரணப் பயிற்சிக்கு மிச்சமிருக்கும் 4.49-ஐத் தீர்க்கிறோம். புதிதாகத் தொடங்கும் பிள்ளை, 500 மார்க்கைத் தொடாத நிலையில் இருந்தால், இவ்வளவு செலவு இப்போது வேண்டாம். எட்டரை மில்லிமீட்டர் டப்பாவே தாராளம். 13 மில்லிமீட்டர் டப்பா மட்டும் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். சரியாகச் சுட்டதற்குத் தப்பான விடை வந்தால், பிள்ளை இல்லாத தவறைத் திருத்தப் போய், இருக்கிற நல்ல பழக்கத்தையும் கெடுத்துக்கொள்ளும். அந்தப் போட்டிக்குப் பிறகு மகள் பிடியை மாற்றிப் பார்த்தாள், நிற்கும் கோணத்தை மாற்றிப் பார்த்தாள். பழைய இடத்துக்குத் திரும்ப மூன்று வாரம் ஆனது.

போன வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் இருக்கும் வட்டியூர்க்காவு ரேஞ்சுக்குப் போய் வந்தோம். 2015 தேசிய விளையாட்டின்போது துப்பாக்கிச் சுடுதல் நடந்த இடம். பத்தாவது குண்டுக்கு மகள் திரும்பாமலே "9, கீழே" என்றாள். திரையைப் பார்த்தேன். 9, கீழே.